தாத்தாவின் யூஃபோனியத்தை வாய்ஸ் எஃபெக்ட் பெட்டிக்குள் விடலாமா?

கெடிலக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கடலூர் ஓ.டி. மெல்லிசைக் குழு ஒன்றில் எட்டு வருடமாகப் பாடுகிறேன். கேள்வியில் பாதி பாட்டு மைக்கைப் பற்றியது, மீதி பித்தளை வாத்தியத்தைப் பற்றியது. இரண்டும் தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன்.

தாத்தா பேண்டு செட்டில் யூஃபோனியம் வாசித்தவர், மடியில் அணைத்துப் பிடித்து ஊதுகிற, பிஸ்டன் வைத்த பெரிய பித்தளைக் குழல் அது. திருவந்திபுரத்தில் நல்ல முகூர்த்தம் என்றால் ஒரே நாளில் மூன்று கல்யாணத்துக்கு வாசித்துவிட்டு வருவார், மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் சாமி கடலுக்கு இறங்கும்போதும் இருப்பார், மாதா கோயில் தேருக்கும் இருப்பார். அந்த செட்டில் இரண்டு டிரம்பெட், ஒரு கிளாரினெட், ஒரு வால்வு டிராம்போன், இவருடைய யூஃபோனியம், அப்புறம் டிரம். இப்போது அந்த ஆட்களில் ஒருவரும் இல்லை. வாத்தியத்தில் இது ஒன்றுதான் மிச்சம், எங்கள் வீட்டுப் பரணில் சாக்கில் கட்டிக் கிடந்தது. போன மாதம் இறக்கினேன். இடது கையால் அணைத்துப் பிடிக்கிற இடத்தில் வெள்ளி முலாம் போய்ப் பித்தளை தெரிகிறது, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு. என் கையை அதன் மேல் வைத்தால் அப்படியே பொருந்துகிறது. வாய் விரிந்த பக்கம் உள்ளே பச்சைக் களிம்பு. இரண்டாவது பிஸ்டன் பாதியில் நிற்கிறது. உடம்பில் லண்டன் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது.

சின்ன வயதில் அவர் சொல்லிக்கொடுத்ததால் ஓரளவு ஊத வரும். ஆனால் கீபோர்டோடு வைத்து ஊதினால் சேரவே மாட்டேன் என்கிறது. ஆறரைக் கட்டைக்கு மேலே நிற்கிறது, ஏழுக்குக் கீழே நிற்கிறது. ரிப்பேருக்குக் காட்டிய இடத்தில், குழாய் நசுங்கிச் சுருதி போய்விட்டது, எடைக்குப் போட்டுவிடு என்றார்கள். மனது கேட்கவில்லை.

அடுத்தது பெட்டி. நண்பரிடம் ஒரு வாய்ஸ் ஹார்மனி பெடல் இரவல் வாங்கினேன். பாடும்போது கூடவே இரண்டு குரல் சேர்த்துக் கொடுக்கும் வகை. ஒரு வரவேற்பு மேடையில் வைத்துப் பாடியதில் மைக் ஊளையிட்டது, 'ச' வருகிற இடத்திலெல்லாம் சேர்ந்து வரும் குரல் கீச்சென்றது. வீட்டுக்கு வந்து யூஃபோனியத்துக்கு அதே மைக்கை வைத்துப் பார்த்தேன். நேராக ஊதினால் பரவாயில்லை, கொஞ்சம் இழைத்து ஊதினால் பின்குரல் படிக்கட்டில் உருண்டு விழுகிற மாதிரி தாவித் தாவி வருகிறது.

தாத்தாவின் முதல் வருட நினைவு நாள் வருகிறது. அன்றைக்கு அவருடைய வாத்தியத்தில் ஒரே ஒரு பாட்டு, பின்னால் அந்த செட் முழுக்க நின்று ஊதுகிற மாதிரி கேட்க வேண்டும். இது நடக்குமா? நடக்கும் என்றால் நானே ஒரு பெட்டி வாங்கிவிடுகிறேன்.


முத்தியால்பேட்டை மிக்ஸர்:

தம்பி, கண்டிப்பாக நடக்கும். நான் புதுச்சேரியில் பதினைந்து வருடமாக மேடை சவுண்டு பார்க்கிறேன், ஜூன் 21 இசைத் திருநாளுக்குத் தெருவில் வாசிக்க வருகிற பித்தளைக்காரர்களுக்கெல்லாம் மைக் வைத்திருக்கிறேன். உங்கள் பெடலில் ஒரு குற்றமும் இருக்காது, உள்ளே அது என்ன செய்கிறது என்று தெரிந்தால் பாதி சரியாகிவிடும்.

ஹார்மனி பெட்டிக்கு முதல் வேலை, வருகிற ஒலியின் சுருதி என்ன என்று கண்டுபிடிப்பது. அலை எவ்வளவு நேரத்துக்கு ஒரு தரம் தன்னைப் போலவே திரும்பி வருகிறது என்று பார்க்கும். 1997இல் ஆட்டோட்யூன் கொண்டுவந்த ஆண்டி ஹில்டபிராண்ட் அதற்கு முன்னால் எண்ணெய்க் கம்பெனிகளுக்காகப் பூமிக்குள் அனுப்பிய அதிர்வு திரும்பி வருவதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர், அந்தக் கணக்கைத்தான் குரலுக்குத் திருப்பினார். இப்போது யோசித்துப் பாருங்கள், 'ச', 'ஷ', 'ஸ' சொல்லும்போது தொண்டையில் சுருதியே கிடையாது, பல்லிடுக்கில் போகிற காற்று மட்டும்தான். பெட்டிக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் எதையோ பிடித்துக்கொண்டு கத்துகிறது. பித்தளையில் அந்தத் தொல்லை இல்லை. உதடு அதிர்ந்தால் முதல் நொடியிலிருந்தே சுத்தமான சுருதி. அதோடு யூஃபோனியத்தின் சாதாரண எல்லை ஆண் குரலின் எல்லைதான், பிஸ்டன் எதையும் அழுத்தாமல் வருகிற ஆறரைக்கட்டை சட்ஜம் சுமார் 117 ஹெர்ட்ஸ். குரலுக்காகச் செய்த பெட்டி உங்கள் வாத்தியத்தை உங்கள் குரலைவிட நன்றாகவே பிடிக்கும். அதற்கும் கீழே, மந்தரத்தின் அடியில் போனால் தடுமாறும், அங்கே போகாதீர்கள்.

அப்புறம் படிக்கட்டு ஏன் வந்தது? நீங்கள் ஏதோ ஒரு கீ, மேஜரோ மைனரோ, போட்டு வைத்திருப்பீர்கள். அந்த முறையில் பெட்டி நீங்கள் ஊதுகிற ஸ்வரத்தைப் பார்த்து, அந்த ஸ்கேலுக்குள் அடுத்து எது பொருந்தும் என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்கிறது. கமகம் இரண்டு ஸ்வரத்துக்கு நடுவில் வழுக்கிக்கொண்டு போகும், அதுவோ இங்கே இருக்கிறாயா அங்கே இருக்கிறாயா என்று தாவிக்கொண்டே இருக்கும். ஸ்கேலை எடுத்துவிட்டு நிலையான இடைவெளிக்கு மாற்றுங்கள், ஒரு ஸ்தாயி கீழே ஒன்று, பஞ்சமத்தில் ஒன்று. நீங்கள் எப்படி இழைத்தாலும் அந்த இரண்டும் நிழல் மாதிரி கூடவே இழையும். சுருதி திருத்துகிற பொத்தான் இருந்தால் முழுக்க அணைத்துவிடுங்கள், அது பித்தளைக்கு உயிரை எடுத்துவிடும். பாஸ், டிசி ஹெலிகான் என்ற இரண்டு கம்பெனிகள் செய்கிற பெடல்களில் இந்த மாதிரி வசதி உள்ளது எது என்று கடையில் ஊதிப் பார்த்துவிட்டு வாங்குங்கள், பேப்பரில் படித்துவிட்டு வாங்காதீர்கள்.

ஊளைக்குக் காரணம் அநேகமாக கம்ப்ரஸர், அதாவது பெரிய சத்தத்தையும் சின்ன சத்தத்தையும் சமப்படுத்துகிற வசதி. பாடாத நேரத்தில் அது சத்தத்தை ஏற்றிவிடும், அப்போது மானிட்டரில், அதாவது உங்களைப் பார்த்து வைத்த ஸ்பீக்கரில், வருவதெல்லாம் மைக்குக்குள் திரும்பி வரும். அதன் மேல் இரண்டு குரல், ரிவெர்ப் என்கிற எதிரொலி எல்லாம் ஏறினால் ஊளையிடாமல் என்ன செய்யும். கம்ப்ரஸரை அணையுங்கள், ரிவெர்ப்பை மிக்ஸரில் போடச் சொல்லுங்கள். மைக்குக்குச் சாதாரண டைனமிக் போதும், எஸ்எம்58 போதும். யூஃபோனியத்தின் வாய் மேலே பார்த்திருக்கும், அதற்கு நேர் நடுவில் வைக்காமல் ஒரு சாண் உயரத்தில் ஓரமாகச் சாய்த்து வையுங்கள். முக்கியமாக, பெட்டியில் கெயினை, அதாவது உள்ளே வருகிற சத்தத்தின் அளவை, குரலுக்கு வைத்த இடத்திலேயே விடாதீர்கள். பித்தளை குரலைவிடப் பல மடங்கு சத்தம், உள்ளே வரும்போதே உடைந்துவிட்டால் வெளியே யாராலும் ஒட்ட வைக்க முடியாது.

சேராத சுருதியைப் பற்றிப் பழைய ஆட்கள் யாராவது சொல்லட்டும், எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, ஆனால் அது என் துறை இல்லை.


பழைய பித்தளை:

எடைக்குப் போட்டுவிடாதே தம்பி. தயவுசெய்து போட்டுவிடாதே.

நான் முப்பது வருடம் பேண்டில் வாசித்தவன், டிரம்பெட்டில் ஆரம்பித்து டிராம்போனில் முடித்தேன், இப்போது அரியாங்குப்பத்தில் இருக்கிறேன். உன் வாத்தியம் கெடவில்லை. அது பிறந்ததே அந்தச் சுருதியில்தான். இங்கிலாந்தில் பித்தளை பேண்டுகள் 1960களின் நடு வரைக்கும் உயர் சுருதியில்தான் வாசித்தார்கள். இன்றைக்குப் பொதுவாக ஏ என்ற ஸ்வரம் (ஆறு கட்டை) 440 ஹெர்ட்ஸ், அவர்களுக்கு அது 452க்கும் கொஞ்சம் மேல். அந்தக் காலத்தில் லண்டனில் செய்த வாத்தியம் ராணுவத்தோடும் மிஷன் பேண்டுகளோடும் நம் பக்கம் நிறைய வந்திருக்கிறது. கணக்குப் போட்டால் வித்தியாசம் 48 சென்ட். அரைக்கட்டைக்கு நூறு சென்ட், ஆக உனக்கு ஆறரைக்கும் ஏழுக்கும் சரி நடுவில் நிற்கிறது. நீ எழுதியதைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. செட் முழுக்க அதே சுருதியில் இருந்தால் ஒருவருக்கும் தெரியாது, உன் தாத்தா காலத்தில் கீபோர்டு எங்கே வந்தது.

நான் சொல்வதைச் சோதித்துப் பார். கால் மணி நேரம் ஊதி உடம்பைச் சூடாக்கு, குளிர்ந்த குழாயில் பார்த்தால் பொய் சொல்லும். அப்புறம் போனில் ட்யூனர் வைத்து, பிஸ்டன் எதையும் அழுத்தாமல் ஊது. எல்லா ஸ்வரமும் ஒரே மாதிரி நாற்பது ஐம்பது சென்ட் மேலே நின்றால் அது உயர் சுருதி வாத்தியம். ஒன்று மேலே ஒன்று கீழே என்று தாறுமாறாக இருந்தால்தான் நசுங்கலையோ காற்றுக் கசிவையோ சந்தேகப்பட வேண்டும்.

யூஃபோனியத்தின் குழாயை நீட்டினால் சுமார் ஒன்பது அடி, 275 சென்டிமீட்டர் என்று வை. 48 சென்ட் இறக்கக் கிட்டத்தட்ட 8 சென்டிமீட்டர் குழாய் கூட வேண்டும். சுருதி சேர்க்க இழுக்கிற வளைகுழாய், ட்யூனிங் ஸ்லைடு, இரண்டு கால் உள்ளது, அதனால் 4 சென்டிமீட்டர் இழுத்தால் 8 கிடைக்கும். ஆனால் பழைய வாத்தியத்தில் அவ்வளவு நீளம் இழுக்க இடம் இருக்காது, கழன்று கையில் வந்துவிடும். இழுக்கிற அளவுக்கு ஏற்ற மாதிரி பிஸ்டன் ஸ்லைடுகளையும் இழுக்க வேண்டும், முதலாவதில் அரை சென்டிமீட்டர், மூன்றாவதில் அதைவிடக் கொஞ்சம் கூட, இரண்டாவதில் நூலளவு. அதை விட்டுவிட்டு மெயின் ஸ்லைடை, அந்த ட்யூனிங் ஸ்லைடை, மட்டும் இழுத்தால், திறந்து ஊதுவது சேரும், அழுத்தி ஊதுவது சேராது.

இறுகிய ஸ்லைடைக் கொறடு வைத்துப் பிடுங்காதே. மூட்டில் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் அப்படியே வை, அப்புறம் ஒரு துணியை வளைவுக்குள் விட்டு வெடுக்கென்று இழு. மவுத்பீஸ் மாட்டிக்கொண்டிருந்தாலும் கொறடு கூடாது, அதற்கென்று புல்லர் இருக்கிறது. பிஸ்டனைக் கழற்றும்போது எண் பார்த்து அதே இடத்தில் போடு, பாதியில் நிற்பது பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருப்பதுதான். தேங்காய் எண்ணெய் மட்டும் விட்டுவிடாதே, நம் ஊரில் பாதி வாத்தியம் செத்ததே அதனால்தான். களிம்புக்குப் புளி போட்டுத் தேய்க்கலாம் என்று தோன்றும், முலாம் உள்ள இடத்தில் தேய்க்காதே, வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினாலே நிறையப் போகும். பித்தளையில் இளஞ்சிவப்பாகப் புள்ளி இருக்கிறதா என்று பார். நம் கடற்காற்றில் துத்தநாகம் அரித்துப் போய்ச் செம்பு மட்டும் நிற்கிற இடம் அது. அங்கே அழுத்தினால் ஓட்டை.

இன்னொன்று சொல்கிறேன். பாட்டுக்காரர்களின் குரலைக் கனமாக்கப் பித்தளை வாத்தியத்தைப் பக்கத்தில் வைப்பது நீ புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. 1590 வாக்கில் பிரான்ஸில் ஓசேர் என்ற ஊரில் ஒரு பாதிரியார் செர்பன்ட் என்று ஒரு வாத்தியம் செய்ததாகச் சொல்வார்கள். மரத்தில் செய்து தோல் சுற்றி, பாம்பு மாதிரி வளைத்து, ஆறு துளை வைத்தது. மரம்தான், ஆனால் உதட்டை அதிரவைத்து ஊதுவதால் பித்தளைக் குடும்பத்தில் சேர்ப்பார்கள். அதன் வேலையே கோயிலில் பாடுகிறவர்களின் குரலுக்கு அடியில் நின்று தாங்குவது. பிறகு 1817இல் பாரீஸில் ஆஃபிக்ளைட் வந்தது, பித்தளையில், சாவி வைத்து. அதன் இடத்துக்குப் பிறகு வந்ததுதான் உன் மடியில் இருக்கிற யூஃபோனியம்.


கீபோர்டு கோபுரம்:

ஒரே வரி. ஸ்லைடு முழுக்க இறங்கவில்லை என்றால் மீதியைக் கீபோர்டில் மேலே ஏற்றுங்கள். மொத்தச் சுருதியையும் ஏற்றி இறக்குகிற மாஸ்டர் ட்யூனிங் பெரும்பாலான கீபோர்டில் இருக்கும், 440ஐ 444, 446 என்று மாற்ற அரை நிமிடம் ஆகாது. அந்த ஒரு பாட்டுக்குக் கிடார், புல்லாங்குழல் எல்லாம் வேண்டாம், கீபோர்டும் நீங்களும் மட்டும். முடிந்ததும் மறக்காமல் 440க்குத் திருப்பிவிடுங்கள், நான் ஒரு முறை மறந்து அடுத்த பாட்டுக்குப் புல்லாங்குழல்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.


பெண்ணாடத்தான்:

நல்ல திரி. நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பக்கம் திருவட்டுறை இருக்கிறது, சம்பந்தருக்கு அரத்துறை இறைவன் முத்துச் சிவிகையும் குடையும் சின்னமும் கொடுத்ததாகப் பெரியபுராணம் சொல்கிற ஊர். சின்னம் என்றால் ஊதுகிற சின்னம்தான், நேர்க்குழாய். சின்னம், எக்காளம், தாரை, கொம்பு எல்லாமே பித்தளைக் குடும்பம்தான் என்று நம் பையன்களுக்கே தெரியவில்லை, டிரம்பெட்டைப் பார்த்தால்தான் பித்தளை என்கிறார்கள். நண்பர் ஒருவர் கொம்பு ஊதுகிறார், அதை இந்த மாதிரி பெட்டியில் விட்டால் என்ன ஆகும்? அப்புறம், வாத்தியம் வார்த்தை பேசுகிற மாதிரி ஒரு எஃபெக்ட் கேட்டிருக்கிறேன், அது எது?


முத்தியால்பேட்டை மிக்ஸர்:

பெண்ணாடத்தாருக்கு. கொம்பில் பிஸ்டனும் இல்லை துளையும் இல்லை, குழாய் இயற்கையாகக் கொடுக்கிற ஸ்வரங்கள்தான். ச, ப, மேல் ச, அந்தர காந்தாரம், மறுபடி ப, அதற்கும் மேலே ஒரு நிஷாதம் வரும், அது கீபோர்டு நிஷாதத்தைவிட 31 சென்ட் இறங்கி நிற்கும். சுருதி திருத்துகிற பெட்டியில் விட்டால் அதைத் தப்பு என்று நினைத்து மேலே இழுக்கும், கொம்பின் குணமே போய்விடும். கொம்புக்குத் திருத்தலும் வேண்டாம், ஹார்மனியும் வேண்டாம். நீண்ட எக்கோ ஒன்றும் கீழ் ஸ்தாயி ஒன்றும் போட்டுப் பாருங்கள், எதிரே இன்னொரு கொம்புக்காரர் நின்று பதில் ஊதுகிற மாதிரி இருக்கும்.

பேசுகிற எஃபெக்ட் இரண்டு விதம். டாக் பாக்ஸ் என்பது ஒரு சின்ன ஸ்பீக்கரின் சத்தத்தைக் குழாய் வழியாக வாய்க்குள் விடுவது, நாம் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைப்போம், மைக் அதைப் பிடிக்கும். ஊதுகிறவருக்கு வாய் ஏற்கெனவே வாத்தியத்தில் இருப்பதால் அது சரிப்படாது. இன்னொன்று வோக்கோடர். 1930களில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹோமர் டட்லி என்பவர் தொலைபேசிப் பேச்சைக் குறைந்த இடத்தில் அனுப்புவதற்காகச் செய்தது, இரண்டாம் உலகப் போரில் ரகசியப் பேச்சுக்கும் பயன்பட்டது. பேச்சைப் பல பட்டைகளாகப் பிரித்து, எந்தப் பட்டையில் எப்போது எவ்வளவு சத்தம் என்று மட்டும் எடுத்து, அந்த அசைவை வேறொரு ஒலியின் மேல் போர்த்திவிடும். ஒருவர் ஊத இன்னொருவர் பாடினால் வாத்தியம் பாட்டைச் சொல்லும். ஆனால் போர்த்துகிற ஒலியில் மேல் அதிர்வுகள் நிறைய இருக்க வேண்டும். டிரம்பெட், டிராம்போனில் நிறைய உண்டு. யூஃபோனியம் அடியிலிருந்தே விரிந்து போகிற குழாய், உருண்டையான ஒலி, அதில் வார்த்தை மழுங்கித்தான் வரும். தம்பி அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.


பழைய பித்தளை:

பெட்டி இல்லாமலே ஒரு வித்தை இருக்கிறது, உன் தாத்தாவுக்கும் தெரிந்திருக்கலாம். மத்தியமான ஒரு ச பிடித்து ஊதிக்கொண்டே, தொண்டையில் அதற்கு மேல் பஞ்சமத்தைப் பாடு. இரண்டும் சுத்தமாகச் சேர்கிற நொடியில் நீ ஊதாத, பாடாத இரண்டு ஸ்வரம் கூடக் கேட்கும், கீழ் ஸ்தாயி ச ஒன்று, மேலே அந்தர காந்தாரம் ஒன்று. 2, 3 என்று இரண்டு அதிர்வு சேர்ந்தால் கழித்து 1, கூட்டி 5. ஜெர்மனியில் வெபர் 1815இலேயே ஹார்னுக்கு எழுதிய ஒரு உருப்படியில் இதை வைத்திருக்கிறார். நீ பாடகன், பஞ்சமம் சுத்தமாகப் பிடிப்பாய். முதல் நாள் வராது. தொண்டையும் உதடும் தனித்தனியாகப் பழக ஒரு வாரம் ஆகும்.


கெடிலக்கரை:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு வாரமாகச் செய்ததை எழுதுகிறேன்.

பழைய பித்தளை அண்ணா சொன்னபடி சூடாக்கி ட்யூனர் வைத்தேன். 47 சென்ட். அடுத்த ஸ்வரம் 45, அதற்கடுத்தது 48. எல்லாம் ஒரே பக்கம்தான் மேலே நிற்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவருக்கு எண் புரியவில்லை, கெடவில்லை என்பது மட்டும் புரிந்தது.

ஸ்லைடு மூன்று நாள் எண்ணெயில் இருந்தது, நான்காம் நாள் துணி விட்டு இழுத்ததும் வந்துவிட்டது. இரண்டாவது பிஸ்டனில் இருந்தது பழுப்பு நிறப் பிசின்தான், கழுவியதும் தானாகவே மேலே எழும்புகிறது. இளஞ்சிவப்புப் புள்ளி மவுத்பீஸ் மாட்டுகிற குழாயில் மிளகு அளவு ஒன்று இருக்கிறது, அதைத் தொடாமல் விட்டிருக்கிறேன். மெயின் ஸ்லைடை 2.5 சென்டிமீட்டருக்கு மேல் இழுக்கப் பயமாக இருந்தது, அதோடு நிறுத்திவிட்டு பிஸ்டன் ஸ்லைடுகளையும் அதற்குத் தகுந்த மாதிரி இழுத்தேன். இப்போது 16 சென்ட் மட்டும் மேலே. கீபோர்டை 444இல் வைத்ததும் சேர்ந்துவிட்டது. சேர்ந்த அந்த நேரத்தில் கீபோர்டு வாசிக்கும் நண்பர் கையை எடுத்துவிட்டார், கொஞ்ச நேரம் நான் மட்டும் ஊதிக்கொண்டிருந்தேன்.

பெட்டியில் ஸ்கேலை எடுத்துவிட்டுக் கீழ் ஸ்தாயியும் பஞ்சமமும் வைத்தேன், கம்ப்ரஸர் இல்லை, கெயின் பாதிக்கும் கீழே. மைக் ஒரு சாண் உயரத்தில் ஓரமாக. இழைத்தால் கூடவே இழைகிறது. கீழ் ஸ்தாயி தாத்தா செட்டின் வால்வு டிராம்போன் மாதிரியே இருக்கிறது, பஞ்சமம் மட்டும் கொஞ்சம் மூக்கால் வருகிறது, அதைக் குறைத்து வைத்திருக்கிறேன். மிக்ஸர் அக்கா, அதற்கு வேறு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம் அண்ணா, ஊதிக்கொண்டே பாடுவது ஐந்தாவது நாள் வந்தது. ஒரே ஒரு நொடிதான், அந்தக் காந்தாரம் கேட்டது. பின்கட்டில் இருந்த பாட்டி எழுந்து வந்து, இதை அவர் ராத்திரியில் மொட்டை மாடியில் செய்வார், என்ன செய்கிறார் என்று ஒருநாளும் சொன்னதில்லை என்றார்.


பழைய பித்தளை:

நினைவு நாள் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று எழுது. என் டிராம்போன் 440தான், ஸ்லைடை உள்ளே தள்ளினால் உன் 444க்கு வந்துவிடும். பஞ்சமத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடு, அதை நான் வந்து ஊதுகிறேன்.